1976-ல் பிறந்தவரா, 1977-ல் பிறந்தவரா?

ஆலங்குளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தென்காசி போகிற சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர்தான் ஜெராக்ஸ் கடை, பிழைப்பெல்லாம் ஆன்லைன் வேலையில்தான். பட்டா நகல், வருமானச் சான்று, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான ஸ்காலர்ஷிப், பரீட்சை விண்ணப்பம் என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். 2021-ல் அதில் கொரோனா ஊசியும் சேர்ந்தது. யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று டெல்லியில் போட்ட வரிசை எங்கள் ஊருக்கு எந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தது என்பதை கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இப்போதுதான் கை ஒழிந்தது.

முதல் கட்டத்தில் எனக்கு வேலையே இல்லை. ஜனவரி 16-ல் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். டாக்டர், நர்ஸ், லேப் ஆட்கள், அங்கன்வாடி டீச்சர் எல்லாருடைய பெயரையும் அந்தந்தத் துறையே கோவினில், அதாவது ஊசிக்குப் பதிவு செய்கிற மத்திய அரசின் தளத்தில், ஏற்றிவிட்டது. பிப்ரவரி 2-ல் முன்களப் பணியாளர்கள். போலீஸ், வருவாய்த் துறை, துப்புரவுப் பணியாளர்கள். அவர்களுக்கும் லிஸ்ட் மேலேயிருந்தே வந்தது. ஏப்ரல் 6-ல் சட்டமன்றத் தேர்தல் இருந்ததால், தேர்தல் பணிக்குப் போகிறவர்களையும் முன்களப் பணியாளர் கணக்கில் சேர்த்தார்கள். எங்கள் தெருவில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு டீச்சர், எழுபது வயதான தன் அப்பாவுக்குக் கிடைக்கும் முன்பே ஊசி போட்டுக்கொண்டது அப்படித்தான். பூத்தில் ஆயிரம் பேரை முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியவர், அவருக்குப் போட்டது நியாயம்தான். ஆனால் டீக்கடையில் இதை யாரும் நியாயமாகப் பேசவில்லை.

என் கடைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது மார்ச் 1-க்குப் பிறகு. 60 வயது தாண்டிய எல்லாருக்கும், 45 முதல் 59 வரை உள்ளவர்களில் இணைநோய் இருப்பவர்களுக்கும் என்று அறிவித்தார்கள். வயதை அன்றைய தேதிக்குக் கணக்குப் பார்க்கவில்லை, 2022 ஜனவரி 1-ஐ வைத்துப் பார்த்தார்கள். அதாவது 1961-லோ அதற்கு முன்போ பிறந்திருந்தால் 60 கணக்கில் சேர்ந்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இலவசம், தனியாரில் 250 ரூபாய். கோவினில் பிறந்த தேதிகூடக் கேட்கவில்லை, வருடம் மட்டும் போதும். இதைவிட எளிதாக என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

எங்கள் ஊரில் பாதிப் பெரியவர்களுக்குப் பிறந்த வருடம் என்பது ஆதார் எடுக்க வந்த பையன் அவர்கள் முகத்தைப் பார்த்துப் போட்ட வருடம். நிறையப் பேருக்குத் தேதி ஜனவரி 1. பழைய அட்டைகளில் தேதி, மாதம் எதுவும் கிடையாது, வருடம் மட்டும்தான். பீடி சுற்றுகிற ஒரு ஆச்சி வந்தார்கள். ஆதாரில் 1965 என்று இருந்தது. அந்தக் கணக்கில் 60 ஆகவில்லை, இணைநோய்ச் சான்று வேண்டும் என்றேன்.

"எய்யா, தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ நான் சமஞ்சு வீட்டுல இருந்தேன். என்னயப் போயி சின்னப்பிள்ளன்னு சொல்லுத?"

தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பரில். ஆதாரை நம்பினால் ஆச்சி அதற்கு அப்புறம்தான் பிறந்திருக்கிறார்கள். வேறு அடையாள அட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும், சுருக்குப் பைக்குள்ளிருந்து டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில் கொடுத்த கறுப்பு வெள்ளை வாக்காளர் அட்டையை எடுத்தார்கள். 1.1.1995 அன்று வயது 38 என்று அதில் இருந்தது. அதுவும் சரியான வயதில்லை, ஆனாலும் போதும். வாக்காளர் அட்டையையும் கோவின் ஏற்றுக்கொண்டது. அதை வைத்தே பதிவு செய்து, "ஊசி போடப் போகும்போது இந்த அட்டையைத்தான் காட்டணும், ஆதாரை வெளியவே எடுக்காதீங்க ஆச்சி" என்று சொல்லி அனுப்பினேன். அதன்பிறகு வந்த எல்லாரிடமும் இரண்டு அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டிலும் ஒரே வயது இருந்தவர்கள் சொற்பம்.

அடுத்தது போன். அப்போது ஒரு நம்பரில் நாலு பேரைத்தான் பதிய முடிந்தது. என் நம்பர், வீட்டுக்காரி நம்பர், கடைப் பையன் நம்பர் எல்லாம் சீக்கிரமே நிரம்பிவிட்டது. வருகிறவர்களில் சிலர் வீட்டில் இருக்கிற ஒரே போன் மகனுடையது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஷிப்ட் நேரத்தில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஓ.டி.பி.க்கு 180 விநாடி. அவன் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருகிற நேரம் பார்த்து அப்பாவும் அம்மாவும் என் கடை ஸ்டூலில் காத்திருப்பார்கள். தளம் முழுக்க இங்கிலீஷ். ஜூன் மாதம்தான் மற்ற மொழிகள் வந்தன. முதல் பட்டியலில் தமிழ் இல்லை, சத்தம் போட்ட பிறகு சேர்த்தார்கள். அதற்குள் கடைசிப் பட்டன் வரை எனக்கு மனப்பாடம்.

இணைநோய்க்கு வருவோம். அறிவிப்பைக் கேட்டதும் ஊரில் எல்லாரும் புரிந்துகொண்டது, சுகர் இருந்தால் போதும் என்று. மத்திய அரசு கொடுத்த பட்டியலில் மொத்தம் 20 வகை. அதில் சுகர் எப்படி வருகிறது தெரியுமா? பத்து வருடத்துக்கு மேல் சுகர் இருக்க வேண்டும், அல்லது சுகரால் வேறு பாதிப்பு வந்திருக்க வேண்டும், அதோடு பிரஷருக்கும் சிகிச்சையில் இருக்க வேண்டும். இதய பலவீனம் என்றால் கடந்த ஒரு வருடத்துக்குள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். சிறுநீரகம் என்றால் டயாலிசிஸ் வரை போயிருக்க வேண்டும். ஒரு பக்கப் படிவம், பதிவு பெற்ற டாக்டர் கையெழுத்து. நான் அந்தப் படிவத்தை கட்டுக்கட்டாகப் பிரின்ட் போட்டு வைத்திருந்தேன்.

ஐம்பது வயதுக்கு மேலான ஒரு கொத்தனார் அண்ணாச்சி, அந்தப் படிவத்தோடு டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பி வந்தார். சுகர் வந்து ஆறு வருடம்தான் ஆகிறதாம், பிரஷர் நார்மலாம், கையெழுத்துப் போட முடியாது என்றுவிட்டாராம். இன்னொரு டாக்டர் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்று ஊரில் பேச்சு இருந்தது. அண்ணாச்சி அங்கே போகவில்லை. "இன்னும் நாலு வருசம் சுகரை வச்சிருந்துட்டு வாங்கன்னு சொல்லுதாரு" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பட்டியல் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. கையில் இருக்கிற ஊசி குறைவு, போட வேண்டியவர்கள் அதிகம். அரசு முதலில் போட்ட கணக்கே ஒரு கோடி சுகாதாரப் பணியாளர், இரண்டு கோடி முன்களப் பணியாளர், 27 கோடி வயதானவர்களும் நோயுள்ளவர்களும். யார் செத்துப்போக வாய்ப்பு அதிகமோ அவர்களுக்கு முதலில் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்தோனேசியாவில் சுகாதாரப் பணியாளர்களுக்கு அப்புறம் வேலைக்குப் போகிற வயதுக்காரர்களை முன்னே நிறுத்தினார்கள், அவர்களிடம் அப்போது இருந்த சீன ஊசிக்கு வயதானவர்கள் பற்றிய தகவல் போதவில்லை என்பது ஒரு காரணம். பிரிட்டனில் பெரும்பாலும் வயதை மட்டும் பிடித்துக்கொண்டு 80, 75, 70 என்று படிப்படியாக இறங்கி வந்தார்கள். எனக்கு பிரிட்டன்காரர்கள் வழிதான் பிடித்திருக்கிறது, வயதுக்கு டாக்டர் கையெழுத்து தேவையில்லை என்கிற ஒரே காரணத்துக்காக. இங்கே ஒரு மாதம் முழுக்க அந்தப் படிவத்துக்காக அலைய விட்டுவிட்டு, ஏப்ரல் 1-ல் நோய் இருக்கோ இல்லையோ 45 ஆனால் போதும் என்றார்கள். 1977 ஜனவரி 1-க்கு முன்னால் பிறந்தவர் எல்லாரும் வரலாம். நான் போட்டு வைத்திருந்த படிவக் கட்டின் பின்பக்கத்தை என் மகள் இப்போதும் கணக்குப் போடப் பயன்படுத்துகிறாள்.

அந்த ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். ஐஸ் பெட்டி வந்துவிட்டது, நர்சம்மா ரெடி, ஆனால் யாருக்கும் ஊசி போடவில்லை. அங்கே போட்ட ஊசி கோவிஷீல்டு, ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். அங்கே இருந்தது எட்டுப் பேர். "இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்று உட்காரவைத்திருந்தார்கள். அந்த எட்டில் நாலு பேரைக் கொண்டுவந்து இறக்கிய ஆட்டோக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "எனக்குப் போடுங்கம்மா, நான் தெனமும் எத்தனை ஆஸ்பத்திரி கேஸ் ஏத்துதேன்" என்றார். பிறந்தது 1977. 1976-க்கு மேல் எந்த வருடத்தை அடித்தாலும் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. நர்சம்மா அவரையே ஊருக்குள் அனுப்பி, டீக்கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களை ஏற்றிவரச் சொன்னார். ஏற்றிவந்தார், குப்பியும் திறந்தது. அவர் மட்டும் போடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஒருவேளை அந்த இரண்டு பெரியவர்களும் வர மறுத்திருந்தால் இரண்டு டோஸ் குப்பைக்குப் போயிருக்கும், 1977-ல் பிறந்தவர் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாலும்.

மறுப்பதற்குக் காரணமும் அந்த மாதமே வந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15-ல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேட்டியும் கொடுத்தார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி இறந்துபோனார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள், பிற்பாடு மத்திய அரசின் குழு ஆராய்ந்தும் அதையே சொன்னது. எங்கள் ஊரில் அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. பதிவு செய்து வைத்திருந்தவர்களே வந்து "கேன்சல் பண்ணிரு தம்பி" என்றார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து இரண்டாவது அலை ஊருக்குள் புகுந்ததும் அதே ஆட்கள் "எப்போ கிடைக்கும்" என்று விடியற்காலையில் போன் போட்டார்கள். அதற்குள் ஸ்டாக் இல்லை.

மே 1 முதல் 18 வயதானவர்களுக்கும் என்று அறிவித்தார்களே, மொத்த ஏற்பாட்டிலும் எனக்குப் புரியாத கட்டம் அதுதான். ஏப்ரல் 28 மாலை நாலு மணிக்குப் பதிவு திறந்தது. திறந்ததும் ஓ.டி.பி. வரவில்லை, அப்புறம் வந்தது, பதிவும் ஆனது, ஸ்லாட் மட்டும் ஒன்றுகூட இல்லை. 45 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு மத்திய அரசு வாங்கிக் கொடுக்கும், 18 முதல் 44 வரை மாநில அரசே வாங்கிக்கொள்ள வேண்டும், தனியார் மருத்துவமனை தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஒரே கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150, மாநிலத்துக்கு 300, தனியாருக்கு 600. என் அம்மாவுக்குப் போட்ட மருந்தும் என் தம்பிக்குப் போடப்போகிற மருந்தும் ஒரே கம்பெனியில் வருகிறது, பில் மட்டும் வேறு வேறு ஆளுக்கு. தமிழ்நாடு அரசு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக அளவில் டெண்டர் விட்டது, ஒருவரும் வரவில்லை. இந்த ஏற்பாடு முதல் பார்வையிலேயே தன்னிச்சையானதாகவும் அறிவுக்குப் பொருந்தாததாகவும் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே மே 31 உத்தரவில் எழுதியது. ஜூன் 7-ல் பிரதமர் டிவியில் வந்து, 75 சதவீதத்தை மத்திய அரசே வாங்கி எல்லாருக்கும் இலவசமாகத் தரும், ஜூன் 21 முதல் நடைமுறை என்றார்.

நடுவில் தமிழ்நாடு அரசு செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். 18 முதல் 44-க்கான ஊசியை மே 20-ல் திருப்பூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தபோது, அந்த வயதுக்குள்ளும் ஒரு வரிசை வைத்தார்கள். பேப்பர் போடுகிறவர்கள், பால்காரர்கள், தெருவோர வியாபாரிகள், மருந்துக்கடைக்காரர்கள், ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்கள், மின்வாரிய ஊழியர்கள், மாற்றுத்திறனாளிகள். ஊரடங்கிலும் வெளியே அலைந்தவர்கள் யாரோ அவர்கள். அந்த 1977 ஆட்டோக்காரர் இந்தக் கணக்கில்தான் போட்டுக்கொண்டார். ஜெராக்ஸ் கடைக்காரன் பட்டியலில் இல்லை, கடையே பூட்டித்தான் கிடந்தது, அதனால் எனக்கு வருத்தமும் இல்லை.

என் தங்கை கதை தனி. வயது முப்பதுக்குள். ஏப்ரலில் ஏழு மாதக் கர்ப்பம். அப்போது வயதுக் கணக்கில் இடமில்லை. மே மாதம் 18 வயதுக்காரர்களுக்குத் திறந்தார்கள், ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கிடையாது, அவர்களை வைத்துப் பரிசோதனை நடக்கவில்லை என்பதால். மே 19-ல் பாலூட்டும் தாய்மார்கள் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆக, வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை போடக்கூடாது, பிறந்ததும் போடலாம். இரண்டாவது அலையில் கர்ப்பிணிகள் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த செய்தியெல்லாம் வந்துகொண்டிருந்த நேரம் அது. மச்சான் வெளியே போய்விட்டு வந்தால் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. தையல் காய்ந்ததும் தங்கைக்கு ஊசி போட்டாயிற்று. கர்ப்பிணிகளும் போடலாம் என்று ஜூலை 2-ல்தான் அனுமதித்தார்கள். "இவ பொறந்துதான் எனக்கு ஊசி வாங்கிக் குடுத்தா" என்று தங்கை இன்றைக்கும் பிள்ளையைக் காட்டிச் சொல்வாள்.

இரண்டாவது டோஸ் இன்னொரு தலைவலி. கோவிஷீல்டுக்கு முதலில் 28 நாள் என்றார்கள். மார்ச்சில் ஆறிலிருந்து எட்டு வாரம். மே 13-ல் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம். இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி நன்றாக வருகிறது என்பதற்கு வெளிநாட்டு ஆதாரம் இருந்தது உண்மை. கையில் ஊசி இல்லாத நேரத்தில் அந்த ஆதாரம் வசதியாகவும் இருந்தது. மே மாதம் வரச் சொல்லியிருந்தவர்களை ஜூலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. இதில் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் பாடு பெரும்பாடு. விசா முடிகிறது, இரண்டு டோஸ் இல்லாமல் போக முடியாது. அவர்களுக்காக, வெளிநாட்டில் படிக்க, வேலைக்குப் போகிறவர்களும் டோக்கியோ ஒலிம்பிக்குப் போகிறவர்களும் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஜூனில் விலக்கு கொடுத்தார்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் நம்பரையும் ஏற்ற வேண்டும். கடை திறந்ததும் முதலில் வந்த வேலை அதுதான். இன்னொரு ஊசியான கோவாக்சின் போட்டவர்கள் நிலைமை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அதை நவம்பரில்தான் அங்கீகரித்தது.

அப்புறம் எல்லாம் தலைகீழாக மாறியது. செப்டம்பர் 12-ல் தமிழ்நாடு முழுக்க முதல் மெகா முகாம், ஒரே நாளில் 20 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். அதன்பிறகு தகுதி கேட்பார் யாரும் இல்லை. நர்சம்மாவே நோட்டோடு வீடு வீடாக வந்தார்கள். வயற்காட்டிலும் நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலும் வைத்துப் போட்டார்கள். ஐந்து மாதத்துக்கு முன் வருடம் ஒன்று கூடிப்போனதற்காகத் திரும்பிப்போன ஊரில், போட்டால் பரிசு உண்டு என்று மைக் கட்டிக் கூப்பிட்டார்கள். 2022 ஜனவரி 3-ல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு, மார்ச் 16-ல் 12 வயதுக்கு. அதையெல்லாம் பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டது. பூஸ்டரை 60 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஏப்ரலில் சொன்னபோது என் கடைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. ஜூலை 15-லிருந்து 75 நாள் இலவசம் என்றதும் கொஞ்சம் பேர் வந்தார்கள்.

ஊசி வேலை முடிந்தாலும் அட்டை வேலை முடியவில்லை. முதல் டோஸை ஒரு நம்பரிலும் இரண்டாவதை வேறு நம்பரிலும் பதிந்தவர்களுக்கு இரண்டு முதல் டோஸ் சான்றிதழ் வந்திருந்தது, இரண்டையும் ஒன்றாக இணைக்கிற வசதி பிற்பாடுதான் வந்தது. வயது விவகாரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும், அதற்கும் ஆவணம் வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்தவர்களிடம் என்ன ஆவணம் இருக்கும்? முதியோர் உதவித்தொகைக்கு 60 ஆக வேண்டும், ஆதாரில் 56. போன வாரம்கூட ஒரு தாத்தா வந்திருந்தார். பழைய வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன், தேடி எடுத்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.